கிணற்றில் போட்டது யார்?

ஆண்டு 1912. இதே புதுவை நகரம். கடற்கரையில் பிரெஞ்சுக் கொடி பறக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரனின் ஆட்சி. இந்தப் பக்கம், அவன் பிடிக்குத் தப்பி வந்து தங்கியிருக்கிறார்கள் பாரதியாரும் வ.வே.சு. ஐயரும் அரவிந்தரும். முந்திய ஆண்டு ஜூன் மாதம் மணியாச்சி ரயிலடியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டான். அன்று தொட்டுப் புதுவைத் தெருக்களில் ஒற்றர் நடமாட்டம். யார் யாரோடு பேசினார், யார் வீட்டுக்குக் கடிதம் வந்தது என்று பார்த்து எழுதுவதற்கே சம்பளம் வாங்கியவர்கள் அவர்கள்.

ஒருநாள் ஐயர் வீட்டில் வேலை பார்த்த பெண் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறாள். வாளியோடு ஒரு ஜாடி மேலே வருகிறது! திறந்து பார்த்தால் உள்ளே ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்கள். கூடவே ஒரு காளி படம்.

வீட்டிலிருந்தவர் எவரும் அதைக் கிணற்றில் போடவில்லை. போட்டவன் வெளியே இருந்தான். போட்டுவிட்டு, "அந்த வீட்டைச் சோதனை போடுங்கள்" என்று அதிகாரிகளின் காதில் ஓதுவது அவன் திட்டம். போலீஸ் வரவேண்டும்; ஜாடி கிடைக்கவேண்டும்; தேசபக்தர்களைப் பிரெஞ்சுக்காரனே பிடித்துக் கொடுக்கவேண்டும்!

திட்டம் பலிக்கவில்லை. போலீஸ் வரும் முன்பே ஜாடி மேலே வந்துவிட்டது. நம்மவர்கள் அதை உடைத்துப் புதைக்கவுமில்லை, கடலில் எறியவுமில்லை. அப்படியே எடுத்துப் போய்ப் பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். விசாரணை நடந்தது. அரவிந்தர் வீட்டையும் ஒரு நீதிபதி வந்து சோதித்தார். வெடிகுண்டு தேடி வந்தவர் கண்ணில் பட்டவை கிரேக்க, லத்தீன் புத்தகங்கள்! மரியாதையோடு திரும்பிப் போனார். பொய்ப் புகார் கொடுத்தவனோ எல்லை தாண்டி இங்கிலீஷ்காரன் பகுதிக்கு ஓடிவிட்டான்.

தோழர்களே! நூறாண்டுக்கு முந்திய இந்தக் கதையை இன்று எதற்காகக் கிளறுகிறோம்? பழம்பெருமை பேசவா? இல்லை. அந்தக் கிணறு இன்று இடம் மாறியிருக்கிறது. வீட்டுக் கொல்லையிலே இருந்த கிணறு இப்போது நம் சட்டைப் பையிலே இருக்கிறது!

ஆம், செல்போனைத்தான் சொல்கிறோம். சங்க அலுவலகத்து மேசையில் இருக்கும் கணினியைத்தான் சொல்கிறோம். அதிலே ஜாடி போட ஒருவன் நள்ளிரவில் சுவர் ஏறிக் குதிக்கவேண்டியதில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டே போடலாம். நாம் உறங்கும் நேரத்தில் போடலாம். நம் கண்ணெதிரிலேயே போடலாம்; நமக்குத் தெரியாது.

அப்படியானால் போட்டது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கென்று ஒரு கலை வளர்ந்திருக்கிறது. கணினித் தடயவியல் என்பது அதன் பெயர். போலீஸ்காரர்களுக்கும் பெரிய கம்பெனிகளின் தணிக்கையாளர்களுக்கும் அது தெரியும். பாட்டாளிக்கும் தெரியவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

சுவடு படியாத இடமில்லை

பிரான்சு தேசத்திலே லியோன் நகரில் 1910-ல் எட்மண்ட் லொக்கார் என்பவர் ஒரு போலீஸ் ஆய்வுக்கூடம் அமைத்தார். கோர்ட்டுக் கட்டிடத்தின் மேல்மாடியில் இரண்டே சிறு அறைகள். அங்கிருந்து உலகத்துக்குப் போன கொள்கை இதுதான்: ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தொட்டால், தொட்டதன் சுவடு இரண்டிலும் தங்கும். குற்றவாளி கொஞ்சம் மண்ணைக் கொண்டு போவான். கொஞ்சம் நூலை விட்டுப் போவான்.

இது நம் கிராமத்து விவசாயிக்குப் புதிதல்ல. விடியற்காலையில் வரப்பிலே கால்தடம் பார்த்து, வந்தது ஆளா மாடா, வந்த வழி எது, போன வழி எது என்று சொல்லிவிடுவான். லொக்கார் அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். இன்றைய நிபுணர் அதையே கணினிக்குள் பார்க்கிறார்.

கணினிக்குள் என்ன சுவடு இருக்கும் என்று கேட்கலாம். ரோடியர் மில்லிலும் சுதேசி மில்லிலும் வேலை பார்த்த மூத்த தோழர்களுக்கு ஆஜர்ப் பட்டியல் தெரியும். ஒரு தொழிலாளியை நீக்கவேண்டுமென்றால் முதல் பக்கத்து அட்டவணையில் அவர் பெயரை அடித்துவிடுவார்கள். உள்ளே அவர் வேலை செய்த நாட்களின் பக்கம் அப்படியே இருக்கும். அந்தப் பக்கத்தின் மேல் வேறு எவரேனும் எழுதும்வரை இருக்கும். கணினியில் ஒரு கோப்பை அழிப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். அழிந்தது அட்டவணை, பக்கம் அழியவில்லை. தேடத் தெரிந்தவன் தேடினால் பல சமயம் கிடைக்கும். புதிய வகைக் கருவிகள் சிலவற்றில் பக்கமும் சீக்கிரம் துடைக்கப்பட்டுவிடுகிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

இன்னும் கேளுங்கள். ஒரு கோப்பு எந்த நாள், எந்த நேரம் பிறந்தது, கடைசியாக எப்போது மாறியது என்று கணினி குறித்து வைக்கிறது. விரல் அளவுச் சேமிப்புக் குச்சியைச் செருகினால், இன்ன குச்சி இன்ன நேரம் வந்தது என்று பதிகிறது. யார் பெயரில் உள்ளே நுழைந்தார்கள், எந்த இணைப்பின் வழியே வந்தார்கள் என்றும் பல இடங்களில் பதிவு உண்டு. முதலாளி கேட்காமலே கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளை அது!

இந்தக் கணக்குப்பிள்ளையின் ஏட்டை எப்படிப் படிப்பது என்பதற்குக் கண்டிப்பான ஒழுங்கு உண்டு. முதல் விதி, அசலைத் தொடாதே. கைப்பற்றிய கணினியைச் சும்மா முடுக்கிப் பார்த்தாலே உள்ளே நூற்றுக்கணக்கான தேதிகள் மாறிவிடும். ஆகையால் படிக்க மட்டும் விட்டு, எழுதவிடாமல் தடுக்கும் ஒரு கருவியை இடையில் வைத்து, உள்ளதை உள்ளபடி முழு நகல் எடுப்பார்கள். ஆராய்ச்சி நகலில் நடக்கும். அசல் முத்திரையிட்ட பையில் கிடக்கும்.

இரண்டாம் விதி, ஹாஷ் எண் எடுப்பது. சேமிப்பில் உள்ள அத்தனையையும் ஒரு கணக்கு முறைக்குள் செலுத்தினால் ஒரு நீண்ட எண் வரும். இன்று பெரிதும் பயன்படும் முறையில் அது எழுத்தும் எண்ணும் கலந்த 64 இடம் கொண்டது. உள்ளே ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் எண் அடியோடு மாறிவிடும். மனிதனுக்குக் கைரேகை போல, கோப்புக்கு இது. கைப்பற்றிய அன்று எடுத்த எண்ணும் கோர்ட்டுக்கு வந்த அன்று எடுத்த எண்ணும் ஒன்றாக இருந்தால், இடையில் எவனும் கை வைக்கவில்லை. மாறியிருந்தால்? அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் கைப்பற்றியவர்.

மூன்றாம் விதி, கைமாறிய வரலாறு. பொருள் யாரிடமிருந்து யாருக்கு, எந்த நாள், எந்த நேரம் போனது என்று விடுபடாத பதிவு வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சாட்சியத்தின் மேல் சந்தேகம் விழும்.

நல்ல கையில் இருக்கும்போது

இந்தக் கலை பயனற்றது என்றோ, ஆளவந்தார்களின் சூது மட்டுமே என்றோ சொல்ல வரவில்லை. நல்லது செய்திருக்கிறது, நாம் மறுக்கமாட்டோம்.

2004-ல் சென்னையில் ஒரு பெண், தன் பெயரில் யாரோ இணையத்தில் ஆபாசச் செய்திகள் பரப்புவதாகப் புகார் கொடுத்தார். கணினிக் குற்றப் பிரிவு சுவடு பிடித்துப் போய் மும்பையில் ஆளைப் பிடித்தது. அதே ஆண்டு நவம்பர் 5-ந் தேதி எழும்பூர் கோர்ட் தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் இந்நாட்டில் கிடைத்த முதல் தண்டனைகளில் அது ஒன்று. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. ஒரு பெண்ணின் மானத்தைக் காத்தது கணினியின் சாட்சி.

நம் புதுவையிலேயே 2018-ல் என்ன நடந்தது? ஏ.டி.எம். அட்டைகளின் தகவலைத் திருடி, போலி அட்டைகள் செய்து, பிறர் பணத்தைச் சுருட்டிய கும்பலைப் போலீஸ் பிடித்தது. உழைத்துச் சேர்த்தவன் பணம் அவனுக்குத் தெரியாமலே போயிற்று. எந்த இயந்திரத்தில், எந்த நிமிடத்தில், எந்த அட்டை தேய்க்கப்பட்டது என்ற பதிவு இல்லாவிட்டால் இதுபோன்ற திருட்டுகளில் துப்பே கிடைக்காது.

பெரிய திருடர்களிடம் வருவோம். 2009 ஜனவரி 7-ந் தேதி, ஐதராபாத்தில் சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கம்பெனியின் கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் பாங்கு இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் பொய் என்று அவரே ஒப்புக்கொண்டார்! தணிக்கைக்காரர்கள் ஆண்டுதோறும் "சரி" என்று கையெழுத்துப் போட்ட கணக்கு அது. சி.பி.ஐ. கணினிகளைக் குடைந்தபோது 7,561 போலிப் பட்டியல்கள் வெளிவந்தன. விசேஷ அதிகாரம் பெற்ற ஒரு நுழைவுப் பெயர் வழியாக அவை செலுத்தப்பட்டிருந்தன. மற்ற பிரிவுகளின் கண்ணில் படாதபடி மறைத்து வைக்கவும் அந்த மென்பொருளிலேயே வழி இருந்தது. மனிதர்கள் மறைத்ததைப் பெட்டி சொல்லிவிட்டது.

2015 ஏப்ரலில் கோர்ட் ஏழாண்டுத் தண்டனை விதித்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு, சீமான்கள் ஜாமீனில் வெளியே வந்தார்கள். பெட்டி தன் வேலையைச் செய்தது. மற்றதைப் பற்றி நாம் என்ன சொல்ல!

எதிர்ப்பக்கம் திரும்பும்போது

கத்தி காய் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும். கணினியின் சாட்சி ஏழையின் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள்.

அங்கே தபால் இலாகாவின் சிறு கிளைகளைக் குடும்பம் குடும்பமாக நடத்திவந்தார்கள். 1999 முதல் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறையைப் புகுத்தினார்கள். செய்து கொடுத்தது ஃபுஜிட்சு கம்பெனி. மாலையில் பெட்டி, "உன் கல்லாவில் பணம் குறைகிறது" என்றது. கிளை நடத்துபவர் எண்ணிப் பார்த்தார், குறையவில்லை என்றார். "கணினி பொய் சொல்லுமா? நீதான் திருடன்!" என்றது நிர்வாகம். வீட்டை விற்றுக் கட்டினார்கள். சிறைக்குப் போனார்கள். தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. தண்டனை பெற்றவர்கள் 900 பேருக்கு மேல்!

வெளியிலிருந்து எவரும் அவர்கள் கணக்கைத் தொட முடியாது என்று நிர்வாகம் சாதித்து வந்தது. தொட முடியும், தொட்டிருக்கிறார்கள், மென்பொருளிலும் பிழை உண்டு என்பது 2019-ல் லண்டன் உயர்நீதிமன்றத் தீர்ப்பில் அம்பலமாயிற்று. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனை ஒரே நாளில் ரத்தாயிற்று. 2024-ல் பார்லிமெண்டு தனிச் சட்டமே போட்டு மற்றவர்களின் களங்கத்தையும் துடைக்கவேண்டி வந்தது. இருபது ஆண்டு! ஜாடியைக் கிணற்றில் போட்டது பெட்டியே. பழி மட்டும் தண்ணீர் இறைத்தவர் மேல்!

இங்கிலாந்து தூரத்தில் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். புதுவை வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் பண்டகசாலை எழுத்தராக இருக்கும் ஒரு தோழர் சில வாரங்களுக்கு முன் நம்மிடம் வந்தார். தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். இரவு பதினொன்றே முக்காலுக்கு அவருடைய நுழைவுப் பெயரில் சரக்குக் கணக்கு மாற்றப்பட்டிருக்கிறதாம், அதனால் அவர் திருடனாம், உள்விசாரணையாம். அன்று இரவு அவர் வீட்டில் இருந்தார். அவருடைய கடவுச்சொல்லோ பண்டகசாலைக் கணினியின் பக்கவாட்டில் காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது! நாலு பேர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒட்டச் சொன்னவரே மேலாளர். விசாரணையில் காட்டியது ஒரே ஒரு அச்சுத்தாள். "எந்தக் கணினியிலிருந்து மாற்றம் நடந்தது? அந்தப் பதிவைக் காட்டுங்கள்" என்று கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை. நாம் சொன்ன பிறகு கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.

உள்விசாரணையில் சாட்சியச் சட்டத்தின் ஒவ்வொரு விதியும் அப்படியே பொருந்தாது என்று நிர்வாகத்தின் வக்கீல்கள் சொல்வார்கள். சரி. இயற்கை நீதி பொருந்துமல்லவா? குற்றம் சாட்டப்பட்டவன் தனக்கு எதிரான ஆதாரத்தைப் பார்க்கவேண்டும், கேள்வி கேட்கவேண்டும் என்பதுதானே அந்த நீதி!

இரண்டு நிறக் கோடு

இனி, அரசாங்கமே குற்றம் சாட்டும் வழக்குக்கு வருவோம். இங்கேயும் நமக்கு ஒரு பிரெஞ்சுப் பாடம் உண்டு.

1894-ல் ஆல்ஃபிரட் டிரைஃபஸ் என்ற ராணுவ அதிகாரியைத் தேசத்துரோகி என்று தண்டித்து டெவில்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். ஒரு துண்டுக் காகிதத்தின் கையெழுத்து அவருடையதே என்று சாதித்தவர், உலகப் புகழ் பெற்ற போலீஸ் நிபுணர் பெர்தியோன். நிபுணர் சொன்னார், தவறாகச் சொன்னார்! பின்னால் வழக்கை வலுப்படுத்த ஆன்ரி என்ற அதிகாரி ஒரு கடிதத்தையே சோடித்துக் கோப்பில் சேர்த்தார். 1898 ஆகஸ்டில் ஒரு காப்டன் அதை இரவில் விளக்கடியில் வைத்துப் பார்த்தார். காகிதத்தில் அச்சிட்டிருந்த கோடுகள் ஒரு பகுதியில் ஒரு நிறம், மறு பகுதியில் வேறு நிறம்! இரண்டு கடிதங்களை வெட்டி ஒட்டியது வெளிச்சமாயிற்று. ஆனாலும் டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வர 1906 ஆயிற்று.

இப்போது நம் நாட்டுக்கு வாருங்கள். பீமா கோரேகாவ் வழக்கில் 2018 முதல் பதினாறு பேர் கைது செய்யப்பட்டார்கள். எழுத்தாளர், வக்கீல், பேராசிரியர், பாதிரியார்! முக்கிய ஆதாரம் என்று காட்டப்பட்டவை, டெல்லியில் ரோனா வில்சன் என்பவரின் கணினியில் கிடைத்த கடிதங்கள். கணினியின் நகல் பிரதிவாதிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதை அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் ஆராய்ந்தது. 2021 பிப்ரவரியில் அதன் அறிக்கை வெளியாயிற்று. மின்னஞ்சலில் வந்த ஒரு கோப்பைத் திறந்ததால் வேவு மென்பொருள் உள்ளே புகுந்தது. 22 மாதம் அந்தக் கணினி வெளியாளின் பிடியில் இருந்தது. கடிதங்கள் மறைவான ஓர் உறையில் வைக்கப்பட்டன. கணினிக்காரர் அவற்றை ஒருமுறைகூடத் திறந்ததற்குச் சுவடு இல்லை — இப்படிச் சொன்னது அறிக்கை. கடிதங்களைத் தயாரித்த எழுத்து மென்பொருளின் பதிப்பும் அந்தக் கணினியில் இருந்த பதிப்பும் வேறு வேறு என்றும் சொன்னது.

வேறு வேறு பதிப்பு! தோழர்களே, அன்றைய இரண்டு நிறக் கோடு நினைவுக்கு வருகிறதா?

அதே வழக்கில் நம் திருச்சி மாவட்டத்தில் 1937-ல் பிறந்த ஸ்டான் சுவாமியும் இருந்தார். ஜார்க்கண்டின் ஆதிவாசிகளிடையே பல்லாண்டு உழைத்த பாதிரியார். 83 வயதில், நடுக்கு நோயோடு, 2020 அக்டோபரில் கைதானார். 2021 ஜூலை 5-ந் தேதி, ஜாமீன் கிடைக்காமலே மும்பையில் ஓர் ஆஸ்பத்திரியில் உயிர் துறந்தார். 2022 டிசம்பரில் அவர் கணினியைப் பற்றிய அறிக்கை வந்தது. 40-க்கு மேற்பட்ட கோப்புகள் வெளியாளால் வைக்கப்பட்டவை என்றும், போலீஸ் கைப்பற்றுவதற்கு முந்திய இரவு ஊடுருவியவன் தன் சுவடுகளைத் துடைக்க முயன்றான் என்றும் அந்நிறுவனம் எழுதியது.

என்.ஐ.ஏ. இதை ஏற்கவில்லை. தனியார் நிறுவனத்தின் அறிக்கை குற்றப்பத்திரிகையின் பகுதியல்ல என்று அது வாதாடியது. எது உண்மை என்று முடிவு சொல்லவேண்டியது கோர்ட். நாம் நீதிபதி நாற்காலியில் ஏறி உட்காரவில்லை. நாம் சொல்வது ஒன்றே ஒன்று: சோதனை நேர்மையாகவும் உடனடியாகவும் நடந்திருந்தால், ஒரு கிழவர் உயிரோடு இருக்கும்போதே பதில் தெரிந்திருக்கும். இறந்தவனின் கணினி நிரபராதி என்று பேசி யாருக்கு லாபம்?

இன்னொன்றையும் கவனியுங்கள். நகல் பிரதிவாதிகளின் கைக்கு வந்ததால்தான் இந்தக் கேள்வியே எழுந்தது. நகல் இல்லையேல் கேள்வி இல்லை. கேள்வி இல்லையேல் ஜாடி ஜாடிதான், கிணறு கிணறுதான்!

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய சாட்சியச் சட்டத்தில் 2000-ம் ஆண்டு 65பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கணினிப் பதிவின் நகலையோ அச்சுத்தாளையோ கோர்ட்டில் வைத்தால், அது எப்படி எடுக்கப்பட்டது என்று பொறுப்புள்ளவர் சான்றிதழ் தரவேண்டும். 2014 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், சான்றிதழ் இல்லாத நகல் செல்லாது என்றது. 2020 ஜூலையில் மூன்று நீதிபதிகள் அதை உறுதி செய்தார்கள். அசல் கருவியையே அதன் சொந்தக்காரர் கோர்ட்டில் வந்து காட்டினால் மட்டும் சான்றிதழ் தேவையில்லை.

2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள். பாரதிய சாக்ஷிய அதிநியம் என்று தமிழன் வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள்! பெயர் கிடக்கட்டும்; விஷயத்தைப் பார்ப்போம். அதன் 63-ம் பிரிவின்படி சான்றிதழில் ஹாஷ் எண்ணையும் குறிக்கவேண்டும், நிபுணரும் கையெழுத்திடவேண்டும். கூடவே வந்த குற்ற விசாரணைச் சட்டத்தின் 105-ம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது. ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வரவேண்டும் என்றும் ஏற்பாடு இருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்தாண்டு தவணையும் கொடுத்திருக்கிறார்கள். நல்லவற்றை நல்லவை என்போம்.

ஆனால் ஓட்டை எங்கே? ஹாஷ் எண் சான்றிதழில் வருகிறது. சான்றிதழ் கோர்ட்டுக்குப் போகும்போது வருகிறது. கருவி கைப்பற்றப்பட்ட நாளுக்கும் எண் எடுத்த நாளுக்கும் இடையே என்ன நடந்தது? பத்து நாளா, பத்து மாதமா? அந்த இடைவெளியில்தான் கிணறு திறந்து கிடக்கிறது! பத்திரிகையாளர்களின் கருவிகளைக் கண்டபடி கைப்பற்றுவது குறித்த வழக்கில், வழிமுறைகள் தேவை என்று உச்சநீதிமன்றமே 2023 நவம்பரில் மத்திய சர்க்காரிடம் சொன்னது.

ஆகையால் நாம் கேட்பது இது. புதுவைப் போலீசும் கேட்கட்டும், புதுவைச் சர்க்காரும் கேட்கட்டும். கைப்பற்றும் இடத்திலேயே, முடிந்தால் அப்போதே, ஹாஷ் எண் எடுத்து மகஜரில் எழுதுங்கள். ஒரு செல்போனை முழு நகல் எடுக்க மணிக்கணக்கில் ஆகும். வீட்டு வாசலில் நடக்காது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால் அலைவரிசை புகாத பையில் போட்டு, உரியவரின் கையெழுத்தோடு முத்திரை வையுங்கள். அவரோ அவருடைய வக்கீலோ பார்க்க முத்திரையை உடைத்து நகல் எடுங்கள். நகல் ஒன்றை அவருக்கும் கொடுங்கள். நேர்மையான அதிகாரிக்கு இதில் என்ன நட்டம்? அவருடைய வழக்கு பலப்படும். பழியும் அவர்மேல் வராது.

நாம் செய்யவேண்டியது

பிறரிடம் கேட்டுவிட்டு நாம் சும்மா இருந்தால் ஆகுமா? நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது.

சங்கக் கணினிக்கு ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டாதீர்கள். முகம் தெரியாதவன் அனுப்பும் கோப்பைத் திறக்காதீர்கள்; முகம் தெரிந்தவன் பெயரில் வந்தாலும், அவனை ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத் திறவுங்கள். பணம் களவு போனால் அன்றே, அந்த நிமிடமே, 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும். மிரட்டல் வந்தால் ஆத்திரத்தில் அழிக்காதீர்கள். திரையைப் படம் பிடித்தால் மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். படத்தை எவனும் சோடிக்கலாம். செய்தி வந்த செல்போனைப் பத்திரமாக வையுங்கள். உள்விசாரணை வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: அசல் பதிவு எங்கே? அதைத் திருத்தும் அதிகாரம் யார் யாருக்கு உண்டு? இடையில் யாரும் திருத்தவில்லை என்பதற்கு என்ன சான்று?

நமக்குச் சாதகமாக வருகிறது என்பதற்காக ஒரு பொய்க் கடிதத்தையும் போலிப் படத்தையும் நாமே பத்துப் பேருக்கு அனுப்பவும் கூடாது. எதிரியின் கிணற்றில் ஜாடி போடுவதும் அதே அயோக்கியத்தனந்தான்.

மறுபடியும் அந்தக் கொல்லைக் கிணற்றுக்கு வருவோம். 1912-ல் நம்மவர்களைக் காப்பாற்றியது எது? ஜாடி சரியான நேரத்தில் வெளியே வந்தது. மறைக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். விசாரித்தவரும் கண்ணைத் திறந்து பார்த்தார். இந்த மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் கதை வேறாகியிருக்கும்.

பெட்டி சாட்சி சொல்லட்டும். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை மில் தொழிலாளியின் மகனுக்கும் வேண்டும். "உன் கிணற்றில் ஜாடி இருந்தது" என்று எவனாவது சொன்னால், தலை குனியாமல் நிமிர்ந்து நின்று அவன் கேட்கவேண்டும்:

"இருக்கட்டும் ஐயா. போட்டது யார்?"